வாட்டம்

ஜூன் 3, திங்கள்

மேடம், முதலில் மன்னிப்பு. மணி பதினொன்றே முக்கால். பயிற்சி நோட்டை அன்றன்றைக்கே எழுத வேண்டும் என்று சொன்னீர்கள், தேதி மாறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என் கணவர் பூபதிக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். சாப்பாடு கட்டிக்கொடுத்து அவரை ஒன்பதே முக்காலுக்கு அனுப்பி, பாப்பா மிருதுளாவைத் தட்டித் தூங்கவைத்து, பாத்திரத்தைக் கழுவிவிட்டு உட்கார இந்த நேரமாகிவிடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

"கிரீன்ல பார்த்ததை மட்டும் எழுதாதீங்க. அன்னைக்கு உங்க கண்ணு எங்கெல்லாம் போச்சோ அதையும் எழுதுங்க. கிரீனைப் பார்க்காம வேற எங்க பார்க்கறீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று கற்றது: கோல்ஃப் மைதானத்தில் மற்ற இடத்துப் புல் வேறு, குழியைச் சுற்றியிருக்கும் கிரீன் வேறு. அதில் புல் பாய் மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறது. அங்கே பந்தைத் தூக்கி அடிப்பதில்லை, உருட்டுவதுதான். உருளும் பந்து எந்தப் பக்கம் வளையும் என்று பார்த்து, "இங்கே குறி வைங்க சார்" என்று ஆட்டக்காரரிடம் சொல்வது கூடவே நடக்கும் கேடியின் வேலை. பையைச் சுமப்பதுதான் வேலை என்று நினைத்து வந்தவள் நான்.

எங்கள் ஐந்து பேருக்கும் சொல்லிக்கொடுப்பது ஜோதிமணி, போன வருட பேட்ச். அவளுக்கு இருபத்திரண்டு. எனக்கு இருபத்தாறு. "அக்கா என்னுங்க படிச்சிருக்கீங்க?" என்றாள். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் என்றேன். "அப்ப சரிங்க்கா. அந்தப் பந்துக்கும் ஃபிசிக்ஸ் தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்று பந்தைக் கீழே வைத்தாள். நேர் என்றேன். ஒரு முழம் வளைந்து போனது.

ஜூலை 4 வியாழக்கிழமை பரீட்சை. பத்து கிரீனில் ஏழையாவது சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிரந்தரம், இ.எஸ்.ஐ. கார்டு. அவருக்கு மில்லில் கான்ட்ராக்ட் என்பதால் கார்டு கிடையாது. எனக்கு அந்தக் கார்டு வேண்டும் மேடம். பாப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், அதற்குத்தான்.

ஜூன் 4, செவ்வாய்

என் அப்பா பொள்ளாச்சியில் டைல்ஸ் கொத்தனார். குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு கொடுப்பார்கள். அதற்கு வாட்டம் என்று பேர். வாட்டம் தப்பினால் தண்ணீர் மூலையில் தேங்கும், அந்த வீட்டுக்காரம்மா காலம் முழுக்கத் திட்டும்.

இதை ஜோதிமணியிடம் சொன்னேன். "பந்து வளையறத நாங்க இத்தனை நாளா பிரேக்கு பிரேக்குன்னு வண்டியாட்டம் சொல்லிட்டிருந்தோம் பாருங்க்கா" என்றாள். மதியத்துக்குள் எல்லோர் வாயிலும் வாட்டம்தான். மூன்றாவது கிரீனில் தெற்கே வாட்டம், ஐந்தாவதில் குழிக்கு முன்னால் இரட்டை வாட்டம்.

எங்கள் லைன் வீட்டிலும் தரை வாட்டம் சரியில்லை என்று இன்றைக்குத்தான் தோன்றியது. மிருதுளா, எங்கள் மிது, சமையலறையிலிருந்து வாசலுக்கு நடந்தால் வலது சுவரில் போய்த்தான் முட்டுகிறாள். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, புதன்

மழை. கிரீனில் இறங்கக் கூடாது என்றார்கள். துண்டு மடித்தோம், நூற்றுப் பன்னிரண்டு துண்டு.

ஜூன் 7, வெள்ளி

இன்று மானம் போனது. நாளை உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக்காரர்களைத் தன்னோடு வர அனுமதிக்கும் ஒரே மெம்பர் சுந்தரவடிவேல் சார்தானே. நூல் வியாபாரத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டுத் தினமும் விளையாட வருகிறவர். ஆறாவது கிரீனில் என்னைப் பார்க்கச் சொன்னார். குழிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து நன்றாகவே பார்த்தேன். "சார், பீச்சாங்கைப் பக்கம் ரெண்டு விரக்கடை" என்றேன்.

அடித்தார். பந்து குழியைப் பார்க்காமலே போய்விட்டது.

"ஏம் அம்மிணி, ஆரோட பீச்சாங்கை? உன்றதா, என்றதா?"

"என்றதுங்க சார்."

"நீ எதுக்கால உக்காந்திருக்கற. உன்ற பீச்சாங்கை எனக்குச் சோத்தாங்கை. அதும்போக," என்று பட்டரை, பந்தை உருட்டுகிற மட்டையை, தூக்கிக் காட்டினார், "நான் சோறு திங்கறதே பீச்சாங்கைலதான். இப்ப நான் எங்கதான் அடிக்கட்டும்?"

அப்போதுதான் பார்த்தேன், அவர் இடக்கைக்காரர். காலையிலிருந்து கூடவே நடக்கிறேன், பார்க்கவில்லை. ஜோதிமணி சிரித்துச் சிரித்துக் கொடிக்கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

பிறகு சொன்னாள்: "வீட்டுல வழி கேட்டா எப்பிடிக்கா சொல்லுவீங்க? வடக்கால போயி மேக்கால திரும்புன்னுதானே. அதே கணக்குதான். கை ஆளுக்கு ஆள் மாறும். தெக்கு மாறாது." பரீட்சையில் மட்டும் ஆட்டக்காரரின் வலது, இடது என்று சொல்ல வேண்டுமாம். மனதுக்குள் திசையில் பார்த்து, வாயால் கையில் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அவர் இடக்கைதான். மிதுவும் அப்பன் மாதிரி எதை எடுத்தாலும் இடது கைதான். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஜூன் 10, திங்கள்

சனிக்கிழமை வைத்த நோட்டில் பச்சை மையில் எழுதியிருக்கிறீர்கள்: "வீட்டுத் தரையில் பந்து உருட்டிப் பார்த்தீர்களா?"

இல்லை மேடம். நேரமில்லை.

திங்களில் மெம்பர்கள் வராததால் இன்று எல்லா கிரீனும் எங்களுக்கே. ஜோதிமணி புல் படுக்கை சொல்லிக்கொடுத்தாள். பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தால் புல் நமக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, இழுக்கும். வெல்வெட் துணியைத் தடவுகிற மாதிரி. பத்துக்கு மூன்று சரி.

ஜூன் 12, புதன்

நான்காவது கிரீன் என்னைப் பொய்காரியாக்குகிறது. மலை மேற்கே இருக்கிறது. அந்த கிரீன் மலையைப் பார்த்துச் சரிகிற மாதிரிதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் அப்படித்தான். பந்து ஐந்து தடவையும் கிழக்கே போனது.

"எல்லாருக்கும் இங்க இப்பிடித்தானுங்க்கா" என்றாள் ஜோதிமணி. "அவ்வளவு பெரிய மலை பக்கத்துல நிக்குது. மொத்த நெலமும் அதுலிருந்து எறங்குது. பாத்துப் பாத்து கண்ணு அந்தச் சரிவையே சமம்னு எடுத்துக்கும். அப்பறம் சமம் எல்லாம் கோணையாத் தெரியும். கண்ண மூடிட்டு நில்லுங்க. எந்தக் கால் கனக்குது?"

கண்ணை மூடி நின்றேன். கிழக்குப் பக்கக் கால். கண்ணைத் திறந்தால் மறுபடி மேற்கே சரிந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையிலிருந்து வாசல் வரை நான்கு இடத்தில் கண்ணை மூடி நின்று பார்த்தேன். "என்ன அம்மிணி, வேண்டுதலா?" என்றார் அவர். இரண்டு காலும் ஒரே கனம்தான். எனக்கு அலுப்பு. அலுப்பில் கால் சரியாகச் சொல்லாது.

ஜூன் 13, வியாழன்

மிதுவின் பந்தை உருட்டினேன். வாசல்படியில் போய் நேராக முட்டியது. ரப்பர் பந்து, நம்ப முடியாது.

ஜூன் 15, சனி

பத்துக்கு நான்கு. என்னோடு பயிற்சிக்கு வரும் உமா ஐந்து, மற்றவர்களும் நான்கு ஐந்துதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் ஒரு சின்ன வாக்குவாதம். மிது வலது பக்கம் இழுத்துக்கொண்டே போகிறாள் என்றேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "காலைல பாரு, அம்பாட்டம் நேராப் போறா. நீ ஆறு மணிக்கு வந்து தூக்கக் கலக்கத்துல இருக்கறவளப் பாத்துட்டு ஏதாச்சும் சொல்லாத."

அவர் காலை ஆறே முக்காலுக்கு வருகிறார், நான் ஏழுக்குக் கிளம்புகிறேன். அப்போது மிது தூங்குவாள். பகல் முழுக்க அவளோடு இருப்பது அவர்தான். எனக்குக் கிடைப்பது சாயங்காலம் மட்டும். அதனால் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

மிது நடக்க ஆரம்பித்ததே பதினாறாம் மாதத்தில்தான். இப்போது பதினேழு முடிகிறது. புதிதாக நடக்கிற குழந்தை நாலு பக்கமும்தான் போகும்.

நாலு பக்கமும் போனால் பரவாயில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஆறு சரி! எப்படி என்று எழுதுகிறேன்.

நான் இத்தனை நாள் பந்து கிளம்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோதிமணி என் தலையைப் பிடித்துத் திருப்பினாள். "அங்க என்னுங்க்கா பாக்கறீங்க? அடிச்ச வேகத்துல எல்லாப் பந்தும் நேராத்தான் போகும். வேகம் இருக்கற வரைக்கும் அதுக்கு வாட்டமே தெரியாது. சாகப்போறப்பதான் காட்டும். குழிக்கு முன்னால கடைசி மூணடி. அத மட்டும் பாருங்க."

கடைசி மூன்றடியை மட்டும் பார்த்தேன். முதலில் குழியைச் சுற்றி, பிறகு பின்னால் நடந்து பந்து வரை. ஆறு சரி. சுந்தரவடிவேல் சார் கை தட்டினார். இடது கையால் வலது கையில் தட்டுகிறார், நமக்கு நேர்மாறாக. இப்போதெல்லாம் இதெல்லாம் கண்ணில் படுகிறது.

மிது காலையில் நேராக நடக்கிறாள் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

ஜூன் 19, புதன்

எழுத ஒன்றுமில்லை. கிரீன் பார்த்தேன்.

ஜூன் 21, வெள்ளி

அப்பாவிடம் போனில் ரசமட்டம் கேட்டிருந்தேன். தரை மட்டம் பார்க்கிற கருவி, நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. "எதுக்கு சாமி, வீட்டுக்காரங்கிட்டச் சண்டையா?" என்றார். ஆமாம் என்றேன். பொள்ளாச்சி பஸ் கண்டக்டரிடம் மஞ்சப் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தார். வேலை முடிந்து உக்கடத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சமையலறையிலிருந்து வாசல் வரை பதினான்கு அடி. இரண்டடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு ஒவ்வொன்றிலும் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தேன். மிதுவும் பக்கத்தில் உட்கார்ந்து குமிழியைப் பிடிக்கப் பார்த்தாள்.

முதல் எட்டடி: குமிழி நடுவில். மட்டம்.
கடைசி ஆறடி: ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் வாட்டம். இடது பக்கம்.

திருப்பி வைத்தும் பார்த்தேன். கருவியில் கோளாறு இருந்தால் திருப்பி வைக்கும்போது தெரியும் என்று அப்பா சொல்வார். கோளாறில்லை.

பந்து வைத்தால் இடது சுவருக்குப் போகும். மிது வலது சுவருக்குப் போகிறாள்.

நாளை ஏழாவது கிரீன்.

ஜூன் 22, சனி

மேடம், இன்று நோட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். நேற்றைய பக்கம் கிரீனைப் பற்றியது இல்லை. அதைப் படிக்க வேண்டாம்.

ஜூன் 24, திங்கள்

பச்சை மையில்: "படித்துவிட்டேன். மன்னிக்கவும்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் ஒன்றும் எழுதாததற்கு நன்றி.

பத்துக்கு ஏழு.

ஜூன் 25, செவ்வாய்

பதினொன்றாவது கிரீனில் சுந்தரவடிவேல் சாருக்கு நீளமான பட், குழிக்கு உருட்டுகிற அடி. பன்னிரண்டு அடி இருக்கும். நான் சுற்றி வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன கும்பல் நகராததால் நின்றுகொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உனக்குக் கொழந்த இருக்குதாமே. பேரென்ன?"

"மிருதுளாங்க சார். உங்களாட்டவே பீச்சாங்கை."

"அட! எத்தனை வயசு?"

"ஒன்றரை ஆகப்போகுதுங்க."

"ஒன்றரை வயசுல பீச்சாங்கைன்னு நீ எப்பிடிச் சொல்லுவ? அந்த வயசுல எல்லாம் ரெண்டு கையும்தான் ஓடும். எங்கம்மா சொல்லும், மூணு வயசு வரைக்கும் ரெண்டு கையிலயும் அள்ளித் தின்னவன்டா நீ, அப்பறம்தான் ஒரு கை ஜெயிச்சுதுன்னு. என்ற பேரனப் பாரு, ரெண்டு கைலயும் முடியப் புடிச்சு ஆட்டறான்." பிறகு, "சரி, வழி விட்டாச்சு. எத்தன?" என்றார்.

"தெக்கால ஒரு குழி அளவுங்க சார். கடைசில இன்னும் கொஞ்சம் திரும்பும்."

பந்து விழுந்தது. அவர் பட்டரைத் தூக்கி ஆட்டினார். ஜோதிமணி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 26, புதன்

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

இன்று அவருக்கு வார விடுமுறை. சாயங்காலம் மிதுவை மடியில் உட்காரவைத்து அவளுக்கு வலது பக்கம் ஒரு பிஸ்கட் நீட்டினேன். இடது கை வயிற்றைச் சுற்றிக் குறுக்கே வந்து வாங்கியது. இன்னொன்று நீட்டினேன். அப்படியே. மூன்றாவதுக்கு அவளுடைய இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். வலது கை எழுந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து மூடின முஷ்டியாக வந்து பிஸ்கட்டைத் தள்ளியது. திறக்கவில்லை. வீறிட்டு அழுதாள். விட்டுவிட்டேன்.

அவர் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பீச்சாங்கைப் பழக்கமில்லீங்க மாமா" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். உள்ளே போனார். அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து அவிழ்த்தார். மிதுவின் பழைய செருப்பு, கொஞ்ச நாளைக்கு முன்பு சின்னதாகிவிட்டது என்று தூக்கிப்போட்டதாகச் சொன்னது. திருப்பிக் காட்டினார். இடது செருப்பு புதுசு மாதிரி இருந்தது. வலது செருப்பில் விரல் பக்கம் மட்டும் ஓட்டை விழுகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"சின்னதாச்சுன்னு மாத்தலை" என்றார். "நீ பாத்தா பயந்துக்குவேன்னு மாத்துனேன். அந்தக் கால்ல குதிய ஊனவே மாட்டேங்கறா. நடக்க ஆரம்பிச்ச நாள்லருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"எங்கிட்ட அம்பாட்டம் நேராப் போறான்னீங்க."

"காலைல அப்பிடித்தான் போறா கோகிலா. சத்தியமா." செருப்பை மறுபடி பைக்குள் வைத்தார். "சாயந்திரத்தப் பத்தி நீ கேக்கக்கூடாதுன்னு சொன்னேன்."

நானும் சொன்னேன். ரசமட்டம் வீட்டுக்காரரோடு சண்டைக்கு வாங்கியதில்லை என்று. அவர் அந்தச் சாக்பீஸ் கோடுகளை அழிக்காமல் பெருக்கியிருக்கிறார், ஐந்து நாளாக. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒரே குழியைச் சுற்றி இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு கையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜூன் 28, வெள்ளி

கிரீன்: பத்துக்கு ஒன்பது. நான்காவது கிரீனும் சரி. ஜோதிமணி, "பரீட்சைக்கு மிச்சம் வைங்க்கா, எல்லாத்தையும் இப்பவே சொல்லித் தீத்துராதீங்க" என்றாள்.

சாயங்காலம் அரை மணி முன்னால் கேட்டுப் போனேனே, அது மிதுவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகத்தான். பக்கத்துத் தெரு டாக்டரம்மா. பொறுமையாகப் பார்த்தார். கையை விரித்துப் பார்த்தார், குதிகாலை மடக்கினார், கீழே விட்டு நடக்கச் சொன்னார். ஆறரை மணி, மிது களைத்திருந்தாள். மேசையிலிருந்து கதவு வரை எட்டடி. கடைசி மூன்றடியில் வலது பக்கம் போய் மருந்து அலமாரியில் சாய்ந்து நின்றுகொண்டாள். ஒரு கால் நுனிவிரலில் நின்றது.

"வலது பக்கம் கொஞ்சம் வலு கம்மியா இருக்கு. ஏன்னு பெரிய இடத்துலதான் சொல்லணும், நான் குத்துமதிப்பாச் சொல்லக் கூடாது" என்றார். "பயப்படாதீங்க. சீக்கிரம் பார்த்தது நல்லது. இந்த வயசுல பழக்கினா நிறையத் திரும்ப வரும். ஆனா தள்ளிப்போடாதீங்க." பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று குழந்தைகள் பிரிவு இருக்கிறதாம். அந்த டாக்டர் புதிய குழந்தைகளைப் பார்ப்பது வியாழக்கிழமை காலை மட்டும். அங்கேயே போன் செய்து கேட்டார்.

"நாலாம் தேதி காலைல எட்டு மணி. பேர் குடுத்துட்டேன்."

"அதுக்கு அடுத்த வியாழன் முடியாதுங்களா டாக்டர்?"

"பதினொண்ணும் பதினெட்டும் அவங்க ஊர்ல இல்ல. அப்பறம் இருபத்தஞ்சுதான்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலாம் தேதி என்ன?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஒரு வேலையும் ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

அவர் சொல்கிறார்: "நீ பரீட்சைக்குப் போ. நான் தூக்கிட்டுப் போறேன். பத்து கிரீனுக்கு நீ எத்தன நாள் பாடுபட்ட. அந்தக் கார்டு இருந்தாத்தானே இவளுக்கே வைத்தியம் பாக்க முடியும்." சரிதான். சரி என்றேன்.

பகல் முழுக்க அதைப் பற்றியே நினைத்தேன். பெரியாஸ்பத்திரியில் பார்ப்பது காலை எட்டு மணிக்கு. மிது தூங்கி எழுந்து, பால் குடித்து, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு, அப்பன் கையிலிருந்து இறங்கி ஓடுவாள். அடித்த வேகத்தில் போகிற பந்து. அவர் வேண்டுமென்று மறைக்க மாட்டார். ஆனால் டாக்டர் "எப்படி நடக்கிறா?" என்று கேட்டால், முதலில் அவர் வாயில் வருவது "நல்லாத்தானுங்க நடக்கறா" என்பதாகத்தான் இருக்கும். பயந்தால் அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் நடக்கவிடுங்கள் டாக்டர், அவள் களைக்கட்டும், கடைசி மூன்றடியைப் பாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள் அங்கே வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

மேடம், நோட்டு சனிக்கிழமைதான் உங்களிடம் வர வேண்டும். நான் நாளைக் காலை ஏழரைக்கே உங்கள் மேசையில் வைத்துவிடுகிறேன். இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து படியுங்கள்.

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். பாப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கும், அதற்குத்தான் கார்டு என்று எழுதியிருந்தேன். மிதுவுக்கு அவ்வளவாகச் சளி பிடிப்பதில்லை. அவள் நடப்பதில் என்னவோ இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தரைமேல் பழி போட்டேன்.

வியாழக்கிழமை நான் பரீட்சைக்கு வர முடியாது. மிதுவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவரும் வருகிறார். அவர் காலையைச் சொல்வார், நான் சாயங்காலத்தைச் சொல்வேன். இதை இன்று மதியம் ஜோதிமணியிடம் மட்டும் சொன்னேன். "முக்காட்டப் போட்டுட்டு உங்க பேரச் சொல்லி நான் போயி நிக்கட்டுங்களாக்கா?" என்றாள். பிறகு அழுதாள். நான் அழவில்லை, ஐந்தாவது கிரீன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சை எடுக்க வெளியிலிருந்து வருகிற கோச் புதன் மதியமே வந்துவிடுவார் என்று கேள்விப்பட்டேன். புதன் சாயங்காலமோ வெள்ளி காலையோ எனக்கு மட்டும் பார்ப்பாரா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? குழியை எங்கே வெட்டினாலும் சரி, எந்த கிரீனானாலும் சரி. புல் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு முடியாது என்றால், அடுத்த பேட்ச் வரை துண்டு மடிக்கிற வேலையிலாவது இருக்கலாமா என்று சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் அதையும் நேராகவே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

நாளை மதியம் ஒரு மணிக்கு வந்து உங்கள் மேசையில் நோட்டைப் பார்க்கிறேன். புதன்கிழமை என்றால் நாளைச் சாயங்காலமே எல்லா கிரீனையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அதனால் சீக்கிரம் பதில் எழுதுங்கள் மேடம்.

கோகிலவாணி